பத்தாம் ஆண்டு அஞ்சலித் தாள்

லோவெச்,
15 மார்ச் 1992

அன்புள்ள ராய்னா அக்காவுக்கு,

உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறேன். உன் முட்டிவலி எப்படி? லின்ஸில் அந்த ஆஸ்திரியக் குளிர் விட்டதா? இங்கே பனி உருகி, போன வருஷத்துக் குப்பை முழுவதும் வெளியே வந்துவிட்டது. நகராட்சி அதை வசந்தம் என்று அழைக்கிறது.

தொழிற்பள்ளியில் என் பிழைப்பு அப்படியேதான். மூடிய தொழிற்சாலைகளுக்காகக் கடைசல் தொழிலாளிகளைத் தயார் செய்கிறோம். உலோகம் ஏன் உடைகிறது என்று கரும்பலகையில் வரைகிறேன். மாணவர்கள் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். என்னைத் தலைநகர் சோபியாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து துரத்திய பேராசிரியர் பெல்ச்செவ் இப்போது நாடாளுமன்ற உறுப்பினர். வியாழக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் உண்மையைப் பற்றிப் பேசுகிறார். பதினைந்து வருஷம் கம்யூனிஸ்ட் கட்சி அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்த அந்த மனிதர், என்னைப் ‘பழைய ஆட்சியின் எடுபிடி’ என்று எழுதித்தான் வெளியே அனுப்பினார். அவர் முகம் திரையில் வந்தால் பெட்டியை அணைத்துவிட்டுக் கை கழுவுகிறேன்.

நான் இப்போது எழுதக் காரணம் வேறு. பத்து வருஷத்துக்கு முன் விழுந்த அத்தானின் விமானத்தை ஒரு செய்தித்தாள் கையில் எடுத்திருக்கிறது. முதல் வாரம், கடற்படைப் பயிற்சியில் வழிதவறிய ஏவுகணை. இரண்டாம் வாரம், சரக்கறையில் வெடிகுண்டு. மூன்றாம் வாரம், புனித நிக்கோலாஸ் திருநாளில் கெண்டை மீனோடு நன்றாகக் குடித்துவிட்டு மறுநாள் விமானம் ஓட்டிய கேப்டன். மூன்றையும் எழுதியவன் ஒரே ஆள். மூன்றாவதில் அத்தானின் படத்தையும் போட்டிருக்கிறான். நாம் வருஷாவருஷம் கதவில் ஒட்டும் அஞ்சலித் தாளிலிருந்து வெட்டி எடுத்த படம். யாராவது உனக்கு அனுப்பினால் படிக்காதே. அடுப்புக்குப் போடு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி,
லியூபென்

•

லின்ஸ்,
6 ஏப்ரல் 1992

அன்புத் தம்பி லியூபெனுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ படிக்க வேண்டாம் என்ற செய்தித்தாள் அதற்கு முன்பே வந்துவிட்டது. மூன்று இதழும். நம் பழைய பக்கத்து வீட்டுக்காரி அக்கறையாகத் தபாலில் போட்டிருக்கிறாள். முட்டி பரவாயில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்றபடியே வேலை, அதனால் மாலையில் மட்டும் வீங்குகிறது. நீ இரும்புச் சட்டியில் முட்டை பொரித்தே மூன்று வேளையும் ஓட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். காய்கறி சாப்பிடு.

இங்கே புதிதாக ஒரு போஸ்னியப் பெண் வந்திருக்கிறாள். படுக்கை விரிப்பை மடிக்கும்போது கேட்டாள், “உங்க வீட்டுக்காரர் எங்கக்கா?” விமான விபத்தில் போய்விட்டார், அவர்தான் ஓட்டினார் என்றேன். “ஐயோ. யாரு தப்பு?” என்றாள். எந்த நாடாக இருந்தாலும் அடுத்த கேள்வி அதுதான். எனக்கு ஜெர்மன் இன்னும் வாயில் நிற்கவில்லை, “தெரியாது” என்ற சொல் மட்டும் தடங்கல் இல்லாமல் வருகிறது.

லியூபென், வரும் டிசம்பர் ஏழாம் தேதியோடு பத்து வருஷம். பத்தாம் ஆண்டு அஞ்சலித் தாள் ஒட்டியாக வேண்டும். நான் வர முடியாது, நீதான் அச்சடித்து ஒட்ட வேண்டும். கட்டடக் கதவில், தேவாலயச் சுவரில், கம்பங்களில், எல்லா இடத்திலும். இந்த முறை வெறும் பெயரும் படமும் போதாது. என் ஸ்தாமெனின் பெயருக்குக் கீழே ‘குற்றமற்றவர்’ என்று ஒரு வரி இருக்க வேண்டும். இப்போது தணிக்கை இல்லையே.

அந்த வரியை நான் சும்மா கேட்கவில்லை. நீ உலோகம் படித்தவன். அந்த ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்தாய். விசாரணை ஆணையம் என்ன பார்த்தது, என்ன பார்க்கவில்லை என்று யாரைக் கேட்டால் தெரியும் என்பது உனக்குத் தெரியும். எனக்காக விசாரித்துச் சொல். முப்பத்தேழு பேரைக் கொன்றவனின் மனைவியாக நான் சாக விரும்பவில்லை.

முத்தங்களுடன்,
ராய்னா

•

லோவெச்,
20 மே 1992

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். கோபப்படாதே. முதுகுப் பிடிப்பு, பிறகு தேர்வுத்தாள்கள், பிறகு சோம்பல். உன் உடம்பு நலம்தானே?

நீ கேட்டதற்காக விமானம் விழுந்த ஊருக்கே போய் வந்தேன். கோர்னோ ப்ரெஸ்தே. பேருந்து இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான். உனக்கு நினைவிருக்கும், விமானத்தின் உடல் மேய்ச்சல் சரிவில் கிடந்தது, அங்கே காவல் போட்டிருந்தார்கள். வால் பகுதி மட்டும் மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் விழுந்தது. அங்கே காவல் இல்லை. ஆணையத்துக்காரர்கள் மூடுபனியில் சிக்கி வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தார்கள். விபத்து நடந்தது செவ்வாய். நடுவில் மூன்று நாள்.

அந்த மூன்று நாளில் நடந்ததை ஊர்ப் பள்ளியின் அன்றைய தலைமையாசிரியரே என்னிடம் சொன்னார். பெயர் கன்ச்சோ. ஓய்வு பெற்றுத் தேனீ வளர்க்கிறார். என்னை உட்கார வைத்துத் தேன் கொடுத்தார்.

“அந்த வாரம் பழைய இரும்பு சேகரிக்கிற போட்டி சார். மாவட்டத்துல எல்லாப் பள்ளிக்கூடமும். நாங்க எப்பவும் கடைசி. சின்ன ஊரு, இங்க எங்க இரும்பு? நாலு வாளி, ஒரு உடைஞ்ச ஏர். அப்பத்தான் பிள்ளைங்க ஓடி வந்து, சார், காட்டுல ஒரு வீடு அளவுக்குத் தகரம் கிடக்குதுன்னாங்க.”

“போலீசுக்குச் சொல்லலியா?”

“அவங்க அந்தப் பக்கம் பிணங்களோட இருந்தாங்க. ஒருத்தரு வந்து பாத்தாரு. பாத்துட்டு, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க, ஆடு மாடு கால வெட்டிக்கும்னாரு.”

“எவ்வளவு தேறிச்சு?”

“ஆயிரத்து நூத்திப் பத்து கிலோ” என்றார். பத்து வருஷம் கழித்தும் கிலோ கணக்குக்கூடத் தவறவில்லை. “வண்டி கட்டி வியாழக்கிழமை ரெண்டு நடை அடிச்சோம். பிள்ளைங்களுக்குக் கையெல்லாம் வெட்டு. ஆனா ஒண்ணு சார், செத்தவங்க சாமான் எதையும் தொடல. ஒரு கையுறை கிடந்துச்சு, அதைக்கூட வேலியில மாட்டி வச்சிட்டு வந்தோம். அந்த அளவுக்கு நாங்க மோசமில்ல.”

பழைய இரும்புக் கிடங்கில் எல்லாவற்றையும் அழுத்து எந்திரத்தில் போட்டுச் சதுரக் கட்டிகளாக நசுக்கினார்கள். ஆணையம் விஷயம் தெரிந்து ஓடியபோது, வாலில் பாதி ஏற்கெனவே கட்டி. கன்ச்சோவின் பள்ளிக்கு மாவட்டத்தில் முதலிடம். சிவப்பு வெல்வெட்டில் மஞ்சள் சரிகை வைத்த ஒரு கொடி கொடுத்திருக்கிறார்கள். பள்ளியை மூடியபோது அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். படுக்கையறையில் தொங்குகிறது. சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்.

“ஆணையத்துல யாராச்சும் உங்கள விசாரிச்சாங்களா?” என்றேன்.

“கேட்டா சொல்லியிருப்போமே. யாரும் கேக்கல.”

தேனை முழுக்கச் சாப்பிட்டேன், அக்கா. மறுத்தால் வருத்தப்படுவார் போல இருந்தது.

ஆகவே காரணம் என்று நீ தேடுவது ஒரு சதுரக் கட்டிக்குள் போய், உருகி, இந்நேரம் எவன் வீட்டுச் சாக்கடை மூடியாகவோ ஆகியிருக்கும். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலைப் பிடித்து நிற்கும் போல்ட்டு முன்பே விரிசல் விட்டிருந்ததா, மோதும்போது உடைந்ததா என்று இனி எவனாலும் சொல்ல முடியாது. இதோடு விட்டுவிடு.

உன்,
லியூபென்

•

லின்ஸ்,
12 ஜூன் 1992

அன்புத் தம்பி,

நலம். இங்கே வெயில் வந்துவிட்டது. உன் முதுகுக்கு இத்துடன் ஒரு களிம்பு அனுப்புகிறேன், சூடாக எரியும், பயப்படாதே.

கன்ச்சோவைப் பற்றிப் படித்தேன். கொடியை இஸ்திரி போட்டிருக்கிறாராம். எனக்கு என் ஸ்தாமெனின் சீருடை கூடத் திரும்பி வரவில்லை.

ஆனால் விட்டுவிடு என்று நீ சொல்வது எனக்குப் புரியவில்லை. போல்ட்டு நசுங்கிவிட்டது, எவனாலும் சொல்ல முடியாது என்கிறாய். அப்படியானால் ஆணையம் மட்டும் எப்படிச் சொன்னது? விமானம் நல்ல நிலையில் இருந்தது, கேப்டன்தான் உயரத்தைத் தவறாகக் கணித்தார் என்று வானொலியிலேயே வாசித்தார்களே. விமானம் நல்ல நிலையில் இருந்தது என்று யாரோ ஒருவன் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் அல்லவா? அவனைத்தான் நான் தேடுகிறேன்.

இன்னொன்று. வாலில் ஒரு குறிப்பிட்ட போல்ட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? செய்தித்தாளில் அது இல்லை.

அமைச்சகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். இப்போது இறந்தவரின் மனைவி கேட்டால் விசாரணைக் கோப்பின் நகல் கொடுக்கிறார்களாம்.

முத்தங்களுடன்,
ராய்னா

•

லோவெச்,
9 ஆகஸ்டு 1992

அன்புள்ள அக்காவுக்கு,

களிம்பு நன்றாக எரிகிறது. மற்றபடி சுகம்.

போல்ட்டு விஷயம் எந்த உலோகக்காரனுக்கும் தெரியும். வால் தனியாகக் கிடந்தது என்றாலே முதலில் அங்கேதான் பார்ப்போம். கோப்புக்கு எழுதிப் போட்டதாகச் சொன்னாய். தபால்தலைக்குக் கேடு. இந்த அமைச்சகம் தன் கழிப்பறைச் சாவியைக்கூடத் தேடி எடுக்காது. கோடையில் உன்னை அலைக்கழித்துக்கொள்ளாதே.

அஞ்சலித் தாளைப் பற்றி யோசித்தேன். ‘குற்றமற்றவர்’ என்பது வேண்டாம். நம் கட்டடத்து மாடியில் இருக்கும் மின்கோவை நினைத்துப் பார். அவர் மகள் செவ்தா அந்த விமானத்தில்தான் போனாள். இருபத்திரண்டு வயது. ஒவ்வொரு டிசம்பர் ஏழாம் தேதியும் காலையில் நாம் ஒட்டுவதும் மத்தியானம் அவர் வந்து கிழிப்பதும் வழக்கமாகிவிட்டது. அவள் தாள் மட்டும் கதவில் நிற்கும்.

போன வாரம் கட்டட வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“டிசம்பர் வருதேப்பா. பத்தாவது. ஒட்டுவியா?”

“ஒட்டுவேன்.”

“நான் கிழிப்பேன்.”

“தெரியுது.”

“கோவிச்சுக்காத. உக்காரு, பட்டாணி உரி. உன் மேல எனக்கு ஒண்ணும் கிடையாது லியூபென். அந்த வீட்லயே நல்ல மனுஷன் நீ ஒருத்தன்தான். அவன் மூஞ்சி என் பொண்ணு பக்கத்துல இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“அவர்தான் காரணம்னு உங்களுக்கு எப்படித் தெரியும் பெரியவரே?”

“நான் பஸ் டிரைவரா இருந்தவன். விஞ்ஞானியா? படிச்சவங்க பாத்து எழுதியிருக்காங்க. கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் வேற யாரை நம்புறது, ஜோசியக்காரியையா?”

அரைக் கூடை பட்டாணி உரித்தேன். அதனால் சொல்கிறேன், பெயர், தேதி, சிலுவை, ‘குடும்பத்தார்’ என்று வழக்கம்போல் அடித்துவிடுவோம். சாதாரணமாக ஒட்டி, சாதாரணமாகக் கிழிபடட்டும்.

உன்,
லியூபென்

•

லின்ஸ்,
30 ஆகஸ்டு 1992

அன்புத் தம்பி,

சுகம்தான். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

சாதாரணமாகக் கிழிபடட்டும் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. மின்கோவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நம்புகிறவர்களின் மேல்தான். ‘படித்தவர்கள் பார்த்து எழுதினார்கள்’ என்கிறார். எண்பத்துமூன்றில் நான் வழக்குப் போடுகிறேன் என்றபோது, “வேணாம்க்கா, அறிவியல எதிர்த்து நிக்க முடியாது, நீயே அவமானப்படுவ” என்று சொன்னது நீ. நீ படித்தவன். நான் கேட்டேன்.

சில நாள் அந்தக் கடைசி நிக்கோலாஸ் திருநாளை நினைக்கிறேன். நீ பாதியிலேயே எழுந்து போய்விட்டாய். ஸ்தாமென் உன்னை எல்லோர் முன்னாலும் ‘ஆணி டாக்டர்’ என்று கேலி செய்தார். “எங்க ஆணி டாக்டருக்கு இன்னொரு துண்டு மீன் போடு, பாவம், ஆணிக்கெல்லாம் நாடி பாத்துக் களைச்சிருக்கான்.” அவர் அப்படித்தான் பேசுவார், மனதில் ஒன்றும் இருக்காது. நீ அதை மன்னிக்காமலே அவர் போய்விட்டார். விசாரிக்க வந்தவர்கள் அன்று எத்தனை கிளாஸ் என்று கேட்டார்கள். ஒன்று என்று சொன்னேன்.

அமைச்சகம் பதில் போட்டுவிட்டது. கோப்பு இலையுதிர் காலத்தில் வருமாம்.

ராய்னா

•

லோவெச்,
2 அக்டோபர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு, வானிலை எல்லாம் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை ஆறு முறை எழுதிக் கிழித்தேன். ஏழாவதை மறுபடி படிக்காமல் தபாலில் போடுகிறேன்.

நீ தேடும் ஆள் நான்தான்.

எண்பத்திரண்டு டிசம்பர் பதினைந்தாம் தேதி பெல்ச்செவ் என்னைக் கூப்பிட்டு, மேசையில் ஒரு கித்தான் பையைக் கவிழ்த்தார். கிடங்கிலிருந்து வந்த கட்டிகளை அறுத்து எடுத்த துண்டுகள். அவற்றில் அந்தப் போல்ட்டு இருந்தது. நாள்பட்ட விரிசலால் உடைந்த உலோகத்தில், உடைந்த முகம் வரிவரியாக இருக்கும். ஒரே அடியில் உடைந்தால் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். ஒரு மாணவன்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் போல்ட்டின் முகத்தை அழுத்து எந்திரம் தேய்த்து மழுக்கியிருந்தது. கண்ணாடிபோல் பளபளத்தது. நான்கு நாள் பார்த்தேன். ‘உடைந்த முகம் சிதைந்துவிட்டதால் காரணம் தீர்மானிக்க இயலாது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பெல்ச்செவ் படித்துவிட்டுச் சிரித்தார். “‘தெரியாது’ன்னு எழுத ஆய்வுக்கூடம் எதுக்குப்பா? அதை வாட்ச்மேனே எழுதுவான். ஆணையத்துக்கு ஒரு காரணம் வேணும். மிஷின்ல கோளாறுன்னா மீதி இருக்கிற பதினாலு விமானத்தையும் தரையில நிறுத்தணும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க சாட்சியத்தை நசுக்கிட்டாங்கன்னா ஊரே சிரிக்கும். செத்த ஆள் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு இனிமே என்ன ஆகப் போகுது?”

“அவரு எங்க அக்கா புருஷன்” என்றேன்.

“தெரியாமலா உன்னைக் கூப்பிட்டேன்? உன் கையெழுத்துன்னா குடும்பம் கோர்ட்டுக்குப் போகாது.”

‘போல்ட்டில் முந்தைய குறை எதுவும் இல்லை, மோதலின் விசையால் உடைந்தது’ என்று தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அடுத்த மார்ச்சில், ஆறு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஜெர்மன் நுண்ணோக்கி வந்தது. சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்தபோது சந்தோஷமாக இருந்தேன். அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

பயந்தேன் என்று எழுதினால் நீ மன்னித்துவிடக்கூடும். பயம் இருந்தது. ஆனால் பேனாவைத் தாளில் வைத்த நேரத்தில் வேறொன்றும் இருந்தது. பதின்மூன்று நாளுக்கு முந்தைய அந்தச் சாப்பாட்டு மேசை. அத்தான் தவறே செய்யாதவர், உயரமானவர், எல்லோரையும் சிரிக்க வைப்பவர். ‘ஆணி டாக்டர் என்ன எழுதுகிறான் பார்’ என்று ஒரு விநாடி நினைத்தேன். ஒரு விநாடிதான். பெல்ச்செவைப் பார்த்து நான் கை கழுவுவதாக உனக்கு எழுதினேன். என் கை என்ன செய்தது என்று தெரிந்துதான் எழுதினேன்.

இதில் உனக்கு ஆறுதல் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தான் குற்றமற்றவர் என்று என்னால் இப்போதும் சொல்ல முடியாது. போல்ட்டு நல்லதாகவே இருந்திருக்கலாம். அவரே தவறு செய்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியும் என்று கையெழுத்திட்டேன். அதுதான் நான் செய்தது.

லியூபென்

•

லோவெச்,
5 நவம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. தபால் அலுவலகத்தில் அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் கையை விரிக்கிறாள். “இல்லைங்க வாத்தியாரே, ஆஸ்திரியாவுலேர்ந்து ஒண்ணும் இல்ல. காதல் கடிதமா?”

உனக்கு உடம்பு ஏதும் இல்லையே? முட்டி வீக்கம் அதிகமாகிவிட்டதா? நீ திட்டி எழுதினாலும் சரி. அச்சகத்தில் இருபதாம் தேதிக்குள் வாசகத்தைக் கொடுக்க வேண்டும். கடைக்காரி வரிசை வைத்திருக்கிறாள், இந்தக் குளிர்காலத்தில் நிறையப் பேர் சாகிறார்கள். என்ன போடுவது என்று ஒரு வரி எழுது. ‘குற்றமற்றவர்’ என்றால் அதையே போடுகிறேன். மின்கோவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

லியூபென்

•

லின்ஸ்,
14 நவம்பர் 1992

லியூபென்,

கோப்பு செப்டம்பர் இருபதாம் தேதியே வந்துவிட்டது. நாற்பத்தேழாம் பக்கத்தில் உன் கையெழுத்து. நீ பள்ளிக்கூடம் போன வயதில் நான் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த அதே வளைவு.

உனக்கு எழுதவில்லை. கோப்பு வந்துவிட்டது என்று தெரியாமல் நீயாக எழுதுகிறாயா என்று பார்த்தேன். இரண்டு வாரம் தினமும் தபால்பெட்டியைத் திறந்தேன். எழுதிவிட்டாய். எழுதாமல் இருந்திருந்தால் உனக்கும் எனக்கும் இத்தோடு முடிந்திருக்கும். எழுதியதால் என்ன ஆகும் என்று இன்னும் தெரியவில்லை. அந்த நுண்ணோக்கி என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

நான் உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். பாதித் தாள் திட்டிவிட்டு நிறுத்தினேன். ஏனென்றால் அன்று ஸ்தாமென் குடித்தது ஒரு கிளாஸ் இல்லை. நாலு. நீ கிளம்பிப் போனபிறகு அவருக்கு மனம் சரியில்லை. “அவன நோகடிச்சிட்டேன் ராய்னா, காலையில போன் பண்றேன்” என்றார். சொல்லிவிட்டு ஊற்றிக்கொண்டார். நானும்தான் ஊற்றினேன். காலையில் எட்டு மணிக்கு எழுந்து, முகம் மழித்து, பாட்டு முணுமுணுத்தபடிதான் போனார். விமானம் கிளம்பியது பன்னிரண்டரைக்கு. அதற்குள் தெளிந்திருக்கலாம். தெளியாமலும் இருந்திருக்கலாம். பத்து வருஷமாக எனக்குத் தெரியாது. நானும் தெரிந்ததுபோல்தான் ஒரு எண் சொன்னேன்.

‘குற்றமற்றவர்’ வேண்டாம். எதுவும் இல்லாமல் வெறுமனேயும் வேண்டாம். உனக்குத் தெரிந்ததை மட்டும் போடு. கீழே ‘குடும்பத்தார்’ என்று போட்டு அதற்குள் ஒளிந்துகொள்ளாதே. உன் முழுப்பெயரைப் போடு. நாலு கிளாஸை அச்சில் போட வேண்டாம், அவர் படத்துக்குக் கீழே அதைப் படிக்க என்னால் ஆகாது. யாராவது நேரில் கேட்டால், மறைக்காதே.

ராய்னா

•

லோவெச்,
9 டிசம்பர் 1992

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாள்கள் ஒட்டியாயிற்று. அச்சகக் கடைக்காரி வாசகத்தை இரண்டு முறை படித்தாள். “ஐயா, இது அஞ்சலியா, வாக்குமூலமா? எனக்கு இதுக்கு அச்சு வடிவம் கிடையாது” என்றாள். வழக்கமான கறுப்பு நாடா போட்டு அடிக்கச் சொன்னேன். அடித்தது இதுதான்:

‘கேப்டன் ஸ்தாமென் க்ருமோவ். பத்தாம் ஆண்டு. 1982 டிசம்பர் 7 அன்று முப்பத்தேழு பேருடன் இறந்தார். விமானம் ஏன் விழுந்தது என்பது தெரியாது. அது நல்ல நிலையில் இருந்தது என்று ஆணையத்துக்குப் பொய்யாகக் கையெழுத்திட்டவன், அவர் மனைவியின் தம்பி, பொறியாளர் லியூபென் ஸ்லாவெய்கின்.’

வீட்டிலிருந்து தொழிற்பள்ளி வரை பதினோரு கம்பம். எல்லாவற்றிலும் நானே ஒட்டினேன். பசை விறைத்துப் போகிற குளிர். கடைசியாகக் கட்டடக் கதவு. செவ்தாவின் தாள் ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கேயே ஒட்டினேன்.

வந்து போகிறவர்கள் நின்று படித்தார்கள். நம் பழைய பக்கத்து வீட்டுக்காரி கண்ணாடி எடுத்து வரப் போனாள். உனக்கு ஒரு பிரதி தபாலில் வரும், தயாராக இரு. பள்ளி இயக்குநர் வகுப்பின் நடுவில் கூப்பிட்டு, “இது உங்க தனிப்பட்ட விஷயம்தான் லியூபென், ஆனா பசங்க படிக்கிறாங்களே” என்றார். அவர்கள் படிக்கிற முதல் பாடம் இது என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. இந்த வேலையும் போகும் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் மின்கோ இறங்கி வந்தார். நான் கதவருகிலேயே நின்றிருந்தேன். போக வேண்டும் போல் இருந்தது, போகவில்லை. அவர் விரலை வரியின் மேல் வைத்து வைத்துப் படித்தார். என் பெயர் வந்ததும் விரல் நின்றது.

“நீயா?”

“நான்தான்.”

“பட்டாணி உரிச்சியே, அப்ப தெரியுமா?”

“தெரியும்.”

பிறகு கேட்டார், “அவன் குடிச்சானா, இல்லியா? பேப்பர்ல போட்டிருந்தானே.”

“முந்தின நாள் சாயந்தரம். நாலு கிளாஸ். மறுநாள் பன்னிரண்டரைக்குக் கிளம்பினாங்க.”

“அப்ப அவன்தான்.”

“இருக்கலாம். போல்ட்டாவும் இருக்கலாம். தெரியாது பெரியவரே.”

“தெரியாது, தெரியாதுன்னா நான் எங்கடா போறது?” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. “பத்து வருஷமா எனக்கு ஒரு ஆள் இருந்தான். காலையில எந்திரிச்சா திட்டறதுக்கு ஒரு மூஞ்சி இருந்துச்சு. அதையும் எடுத்துட்ட.”

அவர் கை மேலே போனது. அத்தானின் படத்தின் மூலையைப் பிடித்தார். பசை இன்னும் காயவில்லை, லேசாக இழுத்தாலே வந்துவிடும். நான் தடுக்கவில்லை. அவர் அந்த மூலையைக் கட்டை விரலால் அழுத்தித் திரும்ப ஒட்டினார்.

“இதை நான் கிழிக்க மாட்டேன்” என்றார். “கிழிச்சா நீ தப்பிச்சிடுவ.”

மாடிக்குப் போய்விட்டார். இன்று காலை பால் வாங்கப் போகும்போது வணக்கம் சொன்னேன். என்னைக் கடந்து போனார்.

பதில் எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் உன் விருப்பம். காலில் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

லியூபென்